பச்சை அட்டை

“என் புத்தகத்துக்கு மட்டும் ஏன் பச்சை அட்டை வைக்கல?”

கேள்வி, நூலகத்தில் எல்லாரும் ‘தராசு’ என்று கூப்பிடுகிறவளின் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் திரும்பவே இல்லை. அலமாரியில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு திமிர்! கேட்டவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பது இவள் வேலை. தெருவில் இவளுக்குக் ‘குரல்காரி’ என்றே பெயர். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். யாருக்கும் பயந்து பழக்கமில்லை. விறுவிறுவென்று சுற்றிப் போய்த் தராசுக்கு நேரே நின்று அதையே மறுபடி கேட்டாள்.

“ஓ, நீங்களா?” தராசு சிரித்தாள். இவள் வயதுதான் இருக்கும். “என் முதுகுக்குப் பின்னாடி பேசுறவங்கதான் நிறைய. நேரா வந்தீங்களே, சந்தோஷம்.”

அறையே அதிரும்படி பேசினாள். உட்கார்ந்திருந்த எல்லார் காதிலும் ஹெட்போன் இருக்கிற தைரியம்.

நூலகத்தின் மாடியில், ஒலிப்புத்தகம் கேட்பதற்கென்றே இருக்கிற அறை அது. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு சின்னத் திரை. என்ன புத்தகம், எத்தனையாவது அத்தியாயம் ஓடுகிறது என்று அதில் தெரியும். எதைக் கேட்கலாம் என்று பரிந்துரைப்பது தராசின் பொறுப்பு. அவள் பச்சை அட்டை குத்திய புத்தகத்துக்கு மறுநாளே வரிசை நிற்கும். அவள் கணிப்பு தப்பியதே இல்லை என்பதால்தான் ‘தராசு’ என்கிற பெயர்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள அட்டை வரலன்னா அடுத்த நாவலை எங்க கம்பெனியில வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?” என்றாள் குரல்காரி.

“தெரியும். அதுக்காக எல்லாத்துக்கும் அட்டை குத்தினா, அட்டைக்கு என்ன மரியாதை?”

“என் வாசிப்புல என்ன குறை? உச்சரிப்பு சரியில்லையா?”

“அதெல்லாம் எனக்கெதுக்கு?” தராசு அலமாரியைக் காட்டினாள். “இதோ, கடல் கதை படிச்ச மீசைக்காரர். கப்பல் மூழ்குற இடத்துல இங்க ஒருத்தர்கூட மூச்சு விடமாட்டார். அத்தனை பேர் தோளும் காதுக்கு ஏறிடும். என்ன மனுஷன்! இந்தப் பக்கம் பேய்க்கதை படிச்ச அம்மா. நர்ஸ் வேலை பாக்குற பொண்ணு ஒருத்தி, பொணத்தையே தினம் பாக்குறவ, அதைக் கேட்டுட்டு ரெண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல வச்சுக்கிட்டா! இவங்கள்லாம் படிக்கல தாயே, மந்திரம் போடுறாங்க.”

“என்னுது?”

“உங்களுதுல எல்லாரும் காலாட்டுறாங்க. பாதியில நகம் கடிக்கிறாங்க. கேட்டா, ‘ரொம்ப நல்லா இருந்துச்சுங்க’ன்னு மரியாதையா சொல்லிட்டுப் போறாங்க.”

குரல்காரிக்கு முகம் சிவந்தது. “அது என்ன கதைன்னு தெரியுமா? துணி ஆலையில வேலை பாக்குற பொம்பளை. பன்னண்டாம் அத்தியாயத்துல மேஸ்திரி அவளைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்ளுறான். எங்கம்மாவை அப்படித் தள்ளியிருக்கான் ஒருத்தன்! அடுத்த நாளே போய் அவன் முன்னாடி நின்னுச்சு எங்கம்மா. எதுக்கு? என் பீஸ் கட்ட! நின்னு நின்னு கால் ரெண்டும் தூண் மாதிரி வீங்கிப் போச்சு. அந்தக் காலைப் புடிச்சுவிட்டுக்கிட்டே பரீட்சைக்குப் படிச்சவ நான். எனக்கா அந்தக் கதை தெரியாது? என்னைக் காலாட்டிக்கிட்டா கேப்பானுங்க?”

தராசின் பார்வை இவள் தோளைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

“நான் இங்க கத்துறேன், நீங்க எங்க வேடிக்கை பாக்குறீங்க?”

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தராசு இவள் முகத்துக்குத் திரும்பினாள்.

“பின்னாடி பாருங்க.”

குரல்காரி திரும்பினாள். அறையில் ஒருவர் காதிலும் ஹெட்போன் இல்லை. நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தரை துடைக்க வந்த அம்மா துடைப்பத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சன்னலோர நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் கதையை நிறுத்தியே வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஸ்டுடியோவுல யாரு மாதிரி படிச்சீங்க?” என்றாள் தராசு.

பெரிய வீட்டுப் பிள்ளைகள் பேசுவது போலப் பேச வேண்டும் என்று வருஷக்கணக்காகத் தன் வீட்டுப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தவள் குரல்காரி.

“வேற யாரோ மாதிரி,” என்றாள்.

“பன்னண்டாம் அத்தியாயத்தை இப்ப திட்டின வாயாலயே மறுபடி படிச்சுக் குடுங்க. புதுப் பதிவு வருதுன்னு உங்க கம்பெனிக்கு நானே இன்னைக்கு எழுதிடுறேன்.” மேசை இழுப்பறையிலிருந்து பச்சை அட்டை ஒன்றை எடுத்து, குரல்காரியின் புத்தகப் பெயரை எழுதித் தனியாக வைத்தாள் தராசு. “இது உங்களுக்கு. வேற யாருக்கும் போகாது.”

வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மீசைக்காரரும் பேய்க்கதை அம்மாவும் இருக்கிற வரிசையில் தானும்!

“ஒண்ணு கேக்கலாமா?” குரல்காரிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. “உங்களுக்கு… என் குரல் பிடிச்சிருந்துச்சா?”

தராசு அவள் உதடுகளையே பார்த்தபடி சிரித்தாள்.

“அதோ, லாரிக்கார அண்ணன் இன்னும் கண்ணைத் துடைக்கிறாரு, அது போதாதா? எனக்கு ரெண்டு காதும் கேக்காமப் போயி எட்டு வருஷமாச்சுங்க.”