வல்லிபுரம் கொடுத்த தோணி

“உன்ட தோணியைச் சாமித்தம்பியருக்குக் குடுத்திட்டியே, தம்பி.”

வலையின் கிழிசலுக்கு முடிச்சுப் போட்டபடி சீதேவிப்பிள்ளை சொன்னாள்.

பனிச்சங்கேணிக் கரையில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த அவள் தம்பி வல்லிபுரத்துக்குத் தண்ணீர் புரையேறிவிட்டது.

“ஆர் சொன்னது?”

“நீதான். நேத்துப் பின்னேரம், வெத்திலை வைச்சு, கையடிச்சுக் குடுத்தாய்.”

நேற்று மத்தியானம் கண்டல் மர நிழலில் கஞ்சாச் சுருட்டைப் பற்றவைத்தது அவனுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

அந்தச் சுருட்டை விடச் சொல்லி எல்லோரும் புத்தி சொல்லி ஓய்ந்திருந்தார்கள். தகப்பன் துடுப்பால் அடித்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்த்த மாமன் இங்கிலீசிலும் ஏசிப் பார்த்தார். பரியாரி கசாயம் கொடுத்தார். அந்தக் கசப்புப் போக இவன் இன்னொன்று இழுத்தான்.

அக்கா மட்டும் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

தோணியோ அவன் உயிர். தண்ணீரில் இறக்கி ஒரு மாரி கூட ஆகவில்லை. சாமித்தம்பி துடுப்புப் பிடித்தால் எந்தத் தோணியும் நின்ற இடத்திலேயே சுற்றும்.

வல்லிபுரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான்.

சாமித்தம்பி மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். இவன் வந்த வேகத்தில் மாடு விலகி நின்றது.

“அண்ணன், நேத்துச் சொன்னதை மறந்திடுங்க. தோணியைத் தர ஏலாது. வேணுமெண்டா நல்ல மீனாப் பாத்துக் கொண்டந்து தாறன்.”

“எந்தத் தோணி மனே? நான் ஒரு கிழமையா ஊரிலயே இல்ல. வெல்லாவெளி வயலில வேளாண்மை வெட்டிப்போட்டு இப்பதான் வந்து இறங்கினன்.” சாமித்தம்பி கொஞ்சம் யோசித்தார். “மீன் எப்ப கொண்டாருவாய்?”

திரும்பி வரும் வழியெல்லாம் வல்லிபுரத்துக்குக் கோபத்தில் காது சுட்டது. தோணி கட்டிய இடத்திலேயே கிடந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவின் முன்னால் போய் நின்றான்.

“பச்சைப் பொய், அக்கா. நேத்து நான் அவர்ட வீட்டுப் பக்கமே போகல்ல. நேத்துப் பின்னேரம் நான்...”



“எங்க போனாய், தம்பி?” என்றாள் சீதேவிப்பிள்ளை. “அதைத்தான் நானும் கேக்கிறன்.”

வல்லிபுரம் தோணியின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தான். வெயில் ஏறியது. இடுப்பில் செருகிய சுருட்டு ஒன்று மிச்சம் இருந்தது.

அதை வெளியே எடுக்கப் பயமாக இருந்தது.