வாசலோரப் பாய்

இந்த முறையும் அவளுக்கு வாசலோரம்தான் பாய் போட்டிருந்தார்கள்.

நல்ல பாய். புதுசு. முழங்கால் மடங்காது என்று தெரிந்து, மேலே ஒரு போர்வையை வேறு மடித்து வைத்திருந்தார்கள்.

உள்ளே அடுப்பைச் சுற்றிப் பெண்கள் உட்கார ஆரம்பித்தார்கள். நடுவில் ஒன்பது மாத வயிற்றோடு செம்பி. தலைப்பிரசவம். அதற்கு முன்னால் ஒரு பகல் முழுக்கப் பெண்கள் கூடிப் பாடுவது அந்த மலைக்குடியின் வழக்கம். ஆண்கள் காட்டுக்குள் போய்விட வேண்டும்.

பாயில் உட்கார்ந்தவள் இந்தப் பாட்டுக்காகத்தான் இருபத்தாறு வயதில் முதன்முதலாக மலை ஏறினாள். இப்போது அறுபத்தேழு. பல்கலைக்கழகத்தில் மாலை போட்டு, கை தட்டி, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வீட்டில் யார் இருக்கிறார்கள்? பத்து அலமாரி ஒலிநாடா.

இதுதான் கடைசிப் பயணம். அடுத்த முறைக்கு முழங்கால் சம்மதிக்காது.

ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருத்தியும் நிலைப்படியில் நின்று, சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

"பெத்தது நாலு. நிக்கிறது மூணு."

"பெத்தது ரெண்டு. நிக்கிறது ரெண்டு."

"பெத்தது ஏழு" என்றாள் நஞ்சி. அவளுக்கும் இவள் வயதுதான். "நிக்கிறது ஒண்ணு. அதுவும் லாரி ஓட்டப் போயிருக்குது. எங்க நிக்குதோ, யாரு கண்டா."

உள்ளே சிரிப்பு.

பெற்றது எத்தனை, உயிரோடு நிற்பது எத்தனை. நாற்பது வருடமாக அந்த எண்களை நோட்டில் ஏற்றியிருக்கிறாள். மூச்சில்லாமல் பிறந்ததும் பெற்றதில் சேர்த்தி. அதை வெளியுலகுக்கு முதலில் சொன்னதே அவள் புத்தகம்தான்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

நஞ்சி வாசல் பக்கம் கையை வீசினாள். "தண்ணிக்குப் போங்க."

வாசலோரம் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

எப்போதும் அவளும் எழுந்துவிடுவாள். ஊற்றுக்கு அரை மைல். குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதினாள். புத்தகத்தில் அதுதான் சிறப்பு என்று வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் கடிதம் போட்டார். அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

இன்றைக்கு முழங்கால் எழவில்லை.

பத்து வயதுக்காரி ஒருத்தி குடத்தோடு நின்றாள்.

"வாங்கக்கா. நாம திரும்பி வர்றதுக்குள்ள அவங்க பாடி முடிச்சிருவாங்க."

"என்ன பாட்டு?"

"யாருக்குத் தெரியும்? பெத்தவங்க பாட்டு அது. நமக்கெல்லாம் இல்லைக்கா."

நமக்கெல்லாம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். எழுந்து நின்றவர்கள் ஐந்து பேர். எட்டு வயது. ஒன்பது. மூத்தவளுக்குப் பன்னிரண்டு இருந்தால் அதிகம்.

அவள் புத்தகத்தின் அட்டைப்படமும் இதே வாசல்தான். நடுவில் அவள். சுற்றிலும் ரெட்டைப் பின்னல்கள்.

அறுபத்துமூன்று பாட்டு. பெண்களின் பாடல்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். இந்தப் பாய்க்குக்கூட ஒரு அடிக்குறிப்பு உண்டு. விருந்தாளிக்கு அவர்கள் தரும் மரியாதை என்று.

யாரும் பொய் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

"நஞ்சி."

நஞ்சி திரும்பினாள்.

"நான் உள்ள வரட்டுமா?"

"அட, நாப்பது வருசமாத் தண்ணி சுமந்துட்டு இன்னைக்கில்ல கேக்குது அம்மிணி!" என்றது ஒரு குரல்.

"முட்டி வலிச்சாத்தான் கேக்கத் தோணும் போல."

நஞ்சி சிரிக்கவில்லை.

"வரலாம். சொல்லிட்டு வா."

அவள் மலைக்கு வராத வருடம் ஒன்று உண்டு. எழுத்து வேலை என்று சொல்லியிருந்தாள்.

ஏழாம் மாதம். அவளை யாருக்கும் தெரியாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பார்க்கிறீங்களா என்றாள் நர்ஸ். வேண்டாம் என்றாள். அடுத்த மாதமே ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே.

அவள் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சாகும்வரை தெரியாது.

பெத்தது எத்தனை என்று இந்த மலையில் அவள் கேட்காத பெண் இல்லை. அவளை யாரும் கேட்டதில்லை.

செம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இவளையே பார்த்தாள்.

குடத்தோடு நின்ற சிறுமியின் கையில் ரெக்கார்டரை வைத்தாள்.

"இதையும் கொண்டு போ, கண்ணு."

பிள்ளைகள் இறங்கிப் போனார்கள். பேச்சுச் சத்தம் சரிவில் தேய்ந்தது.

சுவரைப் பிடித்து எழுந்தாள். ஒரு கால். பிறகு இன்னொரு கால். பாய் பின்னால் கிடந்தது.

நிலைப்படியில் நின்றாள்.

"பெத்தது..."

அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. யாரும் அதைத் தள்ளிவிடவில்லை.

"பெத்தது ஒண்ணு."

தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

எல்லோரும் அடுத்ததற்குக் காத்திருந்தார்கள்.

நஞ்சி காத்திருக்கவில்லை. தரையில் கையூன்றி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஒரு ஆள் இடம்.