தையல் இல்லாத தலை

“மண்டைக்குள்ள ரத்தக்குழாய் கிழிஞ்சிடுச்சு மச்சான், டாக்டரு தொடை வழியா ஏறிப் போய் அடைச்சாரு, கழுத்து வரைக்கும் நான்தான் வழி சொன்னேன்!” என்று கட்டிலில் மல்லாந்தபடி அளக்கிறார் அத்தான். அவர் மனைவியின் தம்பி பிளம்பர். சுவரை உடைக்காமல் கசிவை நிறுத்தியதாகச் சொன்னால் பெற்ற அப்பனையே நம்பாதவன். போன மாதம் ஏணியிலிருந்து விழுந்த அத்தானுக்கு, அந்த அடியில் உள்ளே கிழிந்த குழாயால், இன்று காலை மூக்கிலிருந்து ரத்தம் குடம் குடமாய்க் கொட்டியது. இப்போது ஜன்னல் வெயிலில் பிளம்பர் அத்தானின் வழுக்கையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்கிறான். ஒரு கீறல்கூட இல்லை. தொடையில் மட்டும் உள்ளங்கையளவு கட்டு. “ஏமாத்திட்டாங்கக்கா! மறுபடி கொட்டுச்சுன்னா ஆள் தாங்கமாட்டாரு. வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாம்.” அக்கா ரத்தக்கறைத் துண்டைப் பிசைகிறாள். “தொடை வழியா குழாய் விட்ட காலை மடக்கினாலே ஆபத்துங்க,” என்று நர்ஸ் எக்ஸ்ரே படத்தை நீட்டுகிறாள். மண்டைக்குள், கிழிசல் இருந்த இடத்தில், நூல்கண்டு போல ஒரு கம்பிச் சுருள். “இது எவன் மண்டையோ?” என்று முனகியவன் சட்டென்று படத்தின் தாடைக்குக் கண்ணை இறக்குகிறான். “அத்தான், வாயைத் திறங்க.” மேல்வரிசையில் கோணலாய்க் கட்டிய உலோகப்பல் வெயிலில் மின்னுகிறது, படத்திலும் அதே பல், அதே கோணல். படத்தை அக்காவிடம் நீட்டுகிறான். “நம்ம அத்தான் மண்டைதான்க்கா,” என்கிறான். “நெசமாவே அடைச்சிருக்காங்க. இங்கேயே இருக்கட்டும்.”