அந்தப் பன்னிரண்டு நாட்கள்

குணசீலன் நாற்பது நாட்களாகப் படுத்தே கிடந்தான். பல் துலக்குவதற்குக்கூடப் பொற்கொடிதான் அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். அன்று அவனைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துவந்திருந்தாள். மனநல மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீட்டு எழுதப்போன கையை நிறுத்தினார்.

“இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் இதுக்கு நேர்மாறா இருந்திருக்காராம்மா? தூங்காம, ஓயாம பேசிக்கிட்டு, தலைகால் புரியாத சந்தோஷத்துல? அப்படி இருந்திருந்தா மருந்தே வேற. தெரியாம மாத்திக் குடுத்தா இன்னும் முத்திரும்.”

இருந்திருக்கிறான். கல்யாணமான புதிதில் பன்னிரண்டு நாட்கள். விடிய விடியப் பேசினான். கூடை கூடையாகத் தாழம்பூ வாங்கிவந்து அறை முழுக்கப் பரப்பினான். பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் முன்னாலும், “இந்தச் சிரிப்பு உலகத்துல இவ ஒருத்திக்குத்தான்!” என்று கத்தினான். பிறகு வந்த ஏழு வருடங்களையும் அந்த நாட்களை நினைத்துத்தான் அவள் ஓட்டினாள்.

“இருந்தாரு டாக்டர்” என்றாள் பொற்கொடி. ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் வேகமாக எழுதிக்கொண்டார்.

“நல்லவேளை சொன்னீங்க. அதுவும் இந்த நோய்தாம்மா. இனிமே அப்படி வராம பாத்துக்கலாம்.”

மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது, குணசீலன் அன்று முதன்முதலாக வாய் திறந்தான்.

“பொற்கொடி, அந்தப் பன்னெண்டு நாள்ல கொஞ்சமாச்சும் நான் இருந்திருப்பேன்ல?”