பதினேழாம் நம்பர் படம்

சிறுநீர்ப்பாதை அடைப்பைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே உசத்தியா, ஸ்கேன் உசத்தியா என்று, பெயர் மறைத்த படங்களை வைத்துப் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரையாவது திட்டாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. வாகாகப் பக்கத்தில், படங்களை எடுத்த டெக்னீஷியன் நின்றாள்.

"பதினேழாம் நம்பருக்கு ஸ்கேன்ல மூணு சென்டிமீட்டர் அடைப்பு. எக்ஸ்ரேல ஒண்ணுதான்! மல்லாக்கப் படுக்கவச்சு எடுத்தா சின்னதாத்தான் தெரியும். மூளையை அடகு வச்சிட்டியா?"

"ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னேன் சார். 'எனக்கே பாடம் நடத்துறியா'ன்னு எரிஞ்சு விழுந்தாங்க."

"யாரந்த அதிமேதாவி? மூணு சென்டிமீட்டர்னா கத்திதான்!" பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"போன வெள்ளிக்கிழமை, எல்லாரும் சாப்பிடப் போனதும், கதவைத் தாழ் போட்டுட்டு வந்து படுத்தீங்களே சார்."

சிரிப்பு பாதியில் நின்றது.

டெக்னீஷியன் நோட்டைத் திறந்தாள். "கத்திக்கு என்னிக்கு நாள் குறிக்கட்டும் சார்?"