மணியும் மருந்தும்

கிணற்றடிச் சேற்றில் புண்ணும் சீழுமாகக் கிடந்த பூனைக்குட்டியை முதுகில் ஏற்றி, கொக்கு வைத்தியரிடம் கொண்டுபோனது மொட்டைக்கொம்பு எருமை. ஒரு மாதம் வேளை தவறாமல் மருந்து கொடுத்ததும் அதுதான். குட்டிக்கு உடம்பு தேறி, ரோமம் பளபளத்த அன்று குரங்கு வந்து நின்றது.

"கழுத்துல மணி இருக்கு பாருங்க வைத்தியரே. கட்டினது நான். குட்டி என்னோடது."

"சேத்துல கிடந்தப்ப எங்க போயிருந்தே?" என்றது எருமை.

"அப்ப செத்துப்போயிடும்னுல்ல நெனச்சேன்."

எருமை குட்டியின் கழுத்தைப் பார்த்தது. மணி குரங்கு கட்டியதுதான். அதை இல்லையென்று எப்படிச் சொல்வது?

கொக்கு கசப்பு மருந்துக் கிண்ணத்தை நடுவில் வைத்தது. "இன்னும் மூணு நாள் மருந்து பாக்கி. குட்டி யாரோடதோ அவங்களே கொடுங்க."

குரங்கு குட்டியின் வாயைப் பிளக்கப் பார்த்தது. மூக்கில் நாலு கீறல் வாங்கியதுதான் மிச்சம்.

எருமை வாய்ப் பக்கமே போகவில்லை. வால் நுனியை மருந்தில் தோய்த்துக் குட்டியின் முன்னங்காலில் தடவியது. கால் அழுக்கானால் பூனை பொறுக்குமா? குட்டி சொட்டு விடாமல் நக்கித் தீர்த்தது.

"இது ஏமாத்து வேலை" என்று குரங்கு மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. குட்டி தலையை உருவிக்கொண்டது. மணி மட்டும் குரங்கின் கையில் தொங்கியது.

"மணி உன்னோடதுதான்," என்றது கொக்கு. "எடுத்துக்கிட்டுப் போ."

எருமை குட்டியை ஏற்றிக்கொண்டு தெருவின் நடுவே நிமிர்ந்து நடந்தது. பின்னால் குரங்கு மணியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டது. முதுகில் இருந்த குட்டி, இன்னொரு முன்னங்காலைச் சாவகாசமாக நக்கிக்கொண்டிருந்தது.