ப இல்லாத கதை

அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துக் கொடுப்பதற்காகப் பதிப்பகத்துக்கு வந்தவள், தன் கதைத் தாள்களைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். கதையில் 'வரிக்காரர்' என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, மேலே 'புலி' என்று எழுதியிருந்தார் பதிப்பாசிரியர்.

ஓர் இடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை மனிதர்.

"நான் அப்பவே சொன்னேனே," என்றார் பக்கத்து மேஜைப் பிழைதிருத்துபவர். "வரிக்காரர்னா வீட்டு வரி வசூலிக்க வர்ற ஆளுன்னு குழந்தைங்க நினைச்சுக்கும்."

"நீங்களாவது அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"யாரு, நானா? எனக்கு வேலை வேணும்மா. எங்ககிட்டயே நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசமாட்டார். எத்தனை விழா நடத்தியிருக்கோம், ஒரு மேடையில ஏறினதில்லை. அவ்வளவு திமிரு. நீங்களே உள்ள போய்க் கேளுங்க."

அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருப்பவள். எழுத்தாளர் ஆவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை. எல்லாம் மகளால் வந்தது.

மகளுக்கு ப வராது. ப-வில் தொடங்கும் எந்தச் சொல்லும் உதட்டிலேயே சிக்கிக்கொண்டு திக்கும். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்தபோது எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து குழந்தை புத்தகத்தைத் தொடுவதே இல்லை. பயமாக இருந்தால் பயம் என்றுகூடச் சொல்லமாட்டாள். "வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா" என்பாள்.

அதற்காகத்தான் அம்மா கதை எழுத உட்கார்ந்தாள், ஒரு ப-கூட இல்லாமல். புலி வரிக்காரர் ஆனது. பூனை மீசைக்காரி ஆனது. கதையில் யாருக்கும் பசிக்கவில்லை, வயிறு கத்தியது. டோக்கன் நம்பர் கூப்பிட்ட நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் செல்போனில் தட்டித் தட்டி எழுதினாள். மகள் அதைத் தடங்கலே இல்லாமல் வாசித்து முடித்த அன்று, இவள் சமையலறைக்குள் போய் அழுதாள்.

சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பியது சும்மா ஓர் ஆசைக்குத்தான். அவர்களோ "என்ன புதுமையான நடை!" என்று புகழ்ந்து போட்டார்கள். இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கினார்கள். கடைசியில் இந்தப் பதிப்பகம் புத்தகமாகவே போட முன்வந்தது. வெளியீட்டு விழாவில் மகளே மேடையேறி வாசிப்பதாக முடிவாயிற்று.

இன்று காலையில்கூட மகள் கேட்டாள். "அம்மா, அதுல ஒண்ணுகூட இல்லைல்ல?"

"ஒண்ணுகூட இல்ல தங்கம்."

"அப்ப சரி. என் கிளாஸ் முழுக்க வரச் சொல்லியிருக்கேன்."

தாள்களை எடுத்துக்கொண்டு போய்ப் பதிப்பாசிரியரின் அறைக் கதவைத் தட்டினாள். அவர் நிமிரவில்லை. கையால் நாற்காலியைக் காட்டினார்.

"சார், இந்தப் புலி..."

"வேணும்."

"வரிக்காரர்னே இருக்கட்டுமே சார். எல்லாரும் அதைத்தான் ரசிச்சாங்க."

"மாத்தணும்."

"ஏன் சார்?"

அவர் அடுத்த தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினார். சரியான கல்லுளிமங்கன் என்று மனதுக்குள் திட்டினாள்.

மாட்டேன் என்றால் புத்தகம் போச்சு. சரி என்றால், மகள் அத்தனை பேருக்கு நடுவில் 'பு... பு...' என்று நிற்பாள். அப்புறம் ஆயுசுக்கும் வாய் திறக்கமாட்டாள்.

திக்குவதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மகள் சத்தியம் வாங்கியிருந்தாள். வேறு வழி தெரியாமல் அம்மா அதை மீறினாள்.

"என் பொண்ணுக்குத் திக்கும் சார். ப வராது. அவளுக்காகத்தான் இப்படி எழுதினேன். மேடையில அவதான் வாசிக்கப் போறா. நீங்க புலியைப் போட்டா அவ உடைஞ்சே போயிடுவா."

"தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சுமா சார் இப்படிச் செய்றீங்க? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே..."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. உதடுகள் ஒட்டிக்கொண்டு நடுங்கின. நெஞ்சுவலியோ என்று அவள் பயந்துபோனாள்.

"பு... பு... பு... புலி," என்றார்.

அவள் கையிலிருந்த தாள்களை மேஜைமேல் வைத்தாள்.

"முதல் தடவை வாசிச்சதுமே கண்டுக்கிட்டேன். நானும் இதே மாதிரி வேற வேற வார்த்தையைத் தேடித்தானே காலத்தை ஓட்டறேன். எங்கம்மாவும் உங்களை மாதிரிதான். யார் என்ன கேட்டாலும் எனக்கு முந்தி அவங்க சொல்லிடுவாங்க. எல்லாம் ஆசையிலதான். அறுவதை நெருங்கிட்டேன், இன்னும் ஒளிஞ்சுக்கிட்டே இருக்கேன். திமிருன்னு சொல்றாங்க. சொல்லட்டும்னு விட்டுட்டேன். உங்க மகளுக்கும் அந்தக் கதி வேணாம்மா."

"எல்லாரும் சிரிப்பாங்களே சார். குழந்தை எப்படித் தாங்குவா?"

"சிரிப்பாங்கதான்," என்றார். "அதனால அன்னிக்கு மேடையில முதல்ல நான் வாசிக்கிறேன். சிரிக்கிறவங்க எல்லாம் என்னைப் பா... பா... பார்த்துச் சிரிச்சு முடிக்கட்டும். அதுக்கப்புறம் உங்க மகள் வரட்டும்."